மோனோவா, ஸ்டீரியோவா? வீட்டில் பாட்டு ஒலிப்பதிவு செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வீட்டு அறைக்குள்ளேயே பாட்டு ஒலிப்பதிவு செய்கிற பிள்ளைகள் இப்போது கனபேர். ஒரு லப்டொப், இரண்டு மைக்கைச் செருகிக் கணினியோடு இணைக்கிற சின்ன இன்டர்ஃபேஸ், ஒரு கொண்டென்சர் மைக், ஜன்னலுக்குத் தடிப்பான போர்வை, அவ்வளவுதான் ஸ்டூடியோ. கோவில் திருவிழாவுக்குப் பக்திப்பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி இசை, கல்யாண வீடியோவுக்கு ஒரு பாட்டு என்று நல்ல வேலைகள் நடக்கின்றன. ஆனால் மோனோ, ஸ்டீரியோ என்று கதை வந்தால் ஆளுக்கொரு விளக்கம். "ஸ்டீரியோவில் எடுத்தால்தான் தரம்" என்பார் ஒருவர். "மோனோ எல்லாம் அந்தக் காலத்து விஷயம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குரல் ஒரு காதில் மட்டும் கேட்கிறது, மைக் பழுதாகிவிட்டது என்று புது மைக்குக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிடுவார்.

மூன்றும் பிழை. மோனோ, ஸ்டீரியோ என்பவற்றுக்கும் தரத்துக்கும் தொடர்பே கிடையாது. ஒன்றுக்கொன்று வேறுபட்ட எத்தனை சிக்னல் இருக்கிறது, ஒன்றா இரண்டா என்ற கணக்கு மட்டுமே அது. சிக்னல் என்றால் மைக் பிடித்த சத்தம் மின்சாரமாகவோ எண்களாகவோ ஓடுகிற வடிவம். இந்தக் கணக்கு மட்டும் மனதில் தெளிவாக இருந்தால் ஓடசிற்றி, ரீப்பர், கியூபேஸ் என எந்த மென்பொருளைத் திறந்தாலும் தடுமாற்றம் வராது.

இந்தத் தப்பெண்ணம் எங்கிருந்து வந்தது

எங்கள் வீடுகளில் இருந்த பாட்டுப் பெட்டிகளை நினைத்துப் பார்த்தாலே விளங்கும். மின்சாரமும் பற்றரியும் இல்லாத 1990களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்ட ஊர் இது. அந்தச் சின்ன ரேடியோக்களில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். மத்திய அலை ஒலிபரப்பும் மோனோவாகத்தான் வந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் கொண்டுவந்த பெரிய கசற் பெட்டிகளில் பக்கத்துக்கொரு ஸ்பீக்கர் இருந்தது, முகப்பில் ஸ்டீரியோ என்று எழுதியும் இருந்தது. அந்தப் பெட்டிகளில் பாட்டு நன்றாகக் கேட்டதென்றால் பெரிய ஸ்பீக்கரும் நல்ல பாகங்களும் அதற்குப் பெரும் காரணம். பெயர் போனதோ முகப்பில் இருந்த எழுத்துக்கு. அந்த எண்ணம் அப்படியே கணினிக்கும் வந்து, மைக் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா ட்ராக்கையும் (ஒரு குரலோ வாத்தியமோ போய் உட்காருகிற வரிதான் ட்ராக்) ஸ்டீரியோவாகத் திறக்கிற பழக்கமாகிவிட்டது.

இரண்டு காதும் செய்கிற வேலை

கிளிநொச்சியில் ஏ9 வீதி ஓரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், பஸ் பரந்தன் பக்கமிருந்து வருகிறதா, மாங்குளம் பக்கமிருந்து வருகிறதா என்று சொல்லிவிடுவோம். சத்தம் காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் வருகிறது. பஸ் இருக்கிற பக்கத்துக் காதுக்கு முதலிலும் மற்றக் காதுக்குக் கொஞ்சம் பிந்தியும் அது சேரும். கொஞ்சம் என்றால் ஆயிரத்தில் ஒரு விநாடி கூட இல்லை, அதற்கும் குறைவு. அதோடு தலை மறிப்பதால் தூரக் காதுக்குச் சத்தம் சற்றுக் குறைந்தும் மங்கியும் போகும். இந்த இரண்டு வித்தியாசங்களையும் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது.

இரண்டு காதுக்கும் வித்தியாசமான சத்தத்தைக் கொடுத்துவிட்டால் ஸ்பீக்கரிலும் திசையை உண்டாக்கலாம் என்று இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த அலன் ப்ளம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாகக் கடைக்கு வந்தது 1950களின் கடைசியில்தான். அவர் செய்ததன் சாரம் ஒன்றுதான்: இடதும் வலதும் வேறுபட வேண்டும். வேறுபாடு இல்லையென்றால் பத்து ஸ்பீக்கர் வைத்தாலும் அது ஸ்டீரியோ ஆகாது.

இரணைமடுவும் இரண்டு வாய்க்காலும்

இரணைமடுக் குளத்திலிருந்து இடதுகரை வாய்க்கால், வலதுகரை வாய்க்கால் என்று இரண்டு பக்கமாகத் தண்ணீர் போகிறது. இரண்டு வாய்க்கால் இருக்கிறது என்பதற்காக இரண்டு குளம் இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டோம். இரண்டிலும் ஓடுவது ஒரே குளத்துத் தண்ணீர். மோனோ ட்ராக் அப்படித்தான். குளம் ஒன்று, அதாவது சிக்னல் ஒன்று. அது இடது ஸ்பீக்கருக்கும் போகும், வலது ஸ்பீக்கருக்கும் போகும். இரண்டிலும் ஒரே அளவாகப் போனால் சத்தம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

இடது வாய்க்காலுக்கு ஒரு குளம், வலது வாய்க்காலுக்கு வேறொரு குளம் என்று இருந்தால் அது ஸ்டீரியோ. ஒரு பக்கத்துத் தண்ணீர் மற்றப் பக்கத்துக்குக் கலக்காது.

இனி, ஒரே குளம் இருக்கும்போது இடதுகரைக் கதவைக் கூடத் திறந்து வலதுகரைக் கதவைக் குறைத்தால் என்ன நடக்கும்? தண்ணீர் அதேதான், பங்கீடு மட்டும் மாறும். மென்பொருளில் ட்ராக்குக்குப் பக்கத்தில் இருக்கிற பான் என்ற குமிழ் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு சிக்னலை இடத்துக்கும் வலத்துக்கும் எந்த அளவில் பங்கிடுவது என்று தீர்மானிக்கும். மோனோ ட்ராக்கை இடப்பக்கம் வைக்கலாம், வலப்பக்கம் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம். பத்து மோனோ ட்ராக்கைப் பத்து இடத்தில் வைத்தால் கிடைக்கிற பாட்டு அசல் ஸ்டீரியோ. இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். நாம் கேட்கிற ஸ்டீரியோப் பாட்டுகள் பெரும்பாலானவற்றில் பாடகரின் குரல் மோனோவாக எடுக்கப்பட்டு நடுவில் வைக்கப்பட்டதுதான்.

கணினிக்குள் உண்மையில் இருப்பது

இன்டர்ஃபேஸ் என்பது மைக்கிலிருந்து வருகிற மின்சாரத்தை எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்கிற பெட்டி. அது சிக்னலை விநாடிக்கு 44,100 தடவை அளந்து ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணை எழுதுகிறது. இந்த ஒவ்வொரு அளவுக்கும் பெயர் சாம்பிள். சிலர் 48,000 என்று வைத்திருப்பார்கள், அது இங்கே முக்கியமில்லை. மோனோ என்றால் இப்படி ஒரு வரிசை எண்கள். ஸ்டீரியோ என்றால் இரண்டு வரிசை. வேவ் கோப்பில் இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு எண்ணின் நுணுக்கமும் இரண்டிலும் ஒன்றேதான். மோனோவில் எடுத்ததால் எண்ணின் தரம் குறைவதும் இல்லை, ஸ்டீரியோவில் எடுத்ததால் கூடுவதும் இல்லை.

கூடுவது இடம் மட்டும். 24 பிட்டில் ஒரு சாம்பிளுக்கு 3 பைட் வேண்டும். ஆகவே ஒரு நிமிட மோனோவுக்கு ஏறத்தாழ 7.9 மெகாபைட், ஸ்டீரியோவுக்கு 15.9 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டுக்குப் பத்து ட்ராக் என்றால் மோனோவில் 320 மெகாபைட்டுக்குள் அடங்கும். அத்தனையையும் காரணமில்லாமல் ஸ்டீரியோவாக எடுத்தால் 635. பழைய லப்டொப்பில் ரிவேர்ப் (எதிரொலி சேர்ப்பது), கொம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாம் போட்டு ஓட்டும்போது இந்த இரட்டிப்பு வேலையால் சத்தம் விட்டு விட்டு வரவும் கூடும்.

சரி, இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மோனோ ஒரு வரிசை எண்கள், ஸ்டீரியோ இரண்டு வரிசை. அந்த இரண்டு வரிசையும் வேறுபட்டிருந்தால்தான் ஸ்டீரியோவுக்கு அர்த்தம். இரண்டும் அச்சொட்டாக ஒன்றேயாக இருந்தால் அது இரண்டு மடங்கு இடம் பிடிக்கிற மோனோ.

குரல் ஒரு காதில் மட்டும் கேட்பது ஏன்

புதிதாகத் தொடங்குகிறவர்களை அதிகம் அலைக்கழிக்கிற பிரச்சினை இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மோனோ, ஸ்டீரியோ என்ற தெரிவு மூன்று இடங்களில் வருகிறது. உள்ளே வருகிற இன்புட், நடுவில் இருக்கிற ட்ராக், வெளியே போகிற அவுட்புட். இந்த மூன்றும் ஒரே தெரிவு என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. மூன்றும் தனித்தனி.

உங்கள் இன்டர்ஃபேஸில் 1, 2 என்று இரண்டு துளை இருக்கிறது. கணினிக்கு அவை ஒரு சோடியாகத் தெரியலாம்: 1 இடது, 2 வலது. நீங்கள் மைக்கை 1இல் செருகிவிட்டு, மென்பொருளில் இன்புட்டை ஸ்டீரியோ என்று வைத்தால், அது சொன்னபடியே செய்யும். 1இல் வந்த குரலை இடப்பக்கம் எழுதும், 2இல் ஒன்றும் இல்லாததால் வலப்பக்கம் வெறுமையை எழுதும். திரையில் பார்த்தால் மேலே அலைவடிவம், கீழே தட்டையான ஒரு கோடு. மைக்கும் பழுதில்லை, கேபிளும் பழுதில்லை. வேண்டியது ஒன்றுதான்: இன்புட்டை மோனோ என்று மாற்றி, 1ஐத் தெரிவு செய்வது.

ஓடசிற்றியில் ஓடியோ செற்அப் பகுதியில் ரெக்கோர்டிங் சனல்ஸ் என்ற இடத்தில் 1 மோனோ என்று வையுங்கள். ரீப்பரில் ட்ராக்கின் ரெக்கோர்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து இன்புட் மோனோ, இன்புட் 1 என்று தெரிய வேண்டும். கியூபேஸ் ட்ராக் உருவாக்கும்போதே மோனோவா ஸ்டீரியோவா என்று கேட்கும், அங்கேயே சரியாகச் சொல்லிவிடுங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் மிக்சரின் எல்லா ட்ராக்கும் ஸ்டீரியோதான், ஆனால் இன்புட் பட்டியலில் மோனோவைத் தனியாகத் தெரியலாம், அது போதும்.

ஏற்கெனவே ஒரு பக்கமாக எடுத்துவிட்டீர்கள், பாடியவர் முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்றால் திரும்பக் கூப்பிடத் தேவையில்லை. ஓடசிற்றியில் ட்ராக்கின் மெனுவைத் திறந்து ஸ்பிளிற் ஸ்டீரியோ டு மோனோ என்பதைக் கொடுத்தால் இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரியும். வெறுமையானதை அழித்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஸ்பிளிற் ஸ்டீரியோ ட்ராக் என்று இன்னொன்று இருக்கும். அதைக் கொடுத்தால் பிரிந்த துண்டு பழைய இடப்பக்கத்திலேயே நிற்கும், குமிழை நீங்களே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மிக்ஸ் மெனுவில் ஸ்டீரியோவை மோனோவாக்குகிற கட்டளை இருக்கிறதே, அதைக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் அது இரண்டு பக்கத்தையும் கூட்டி இரண்டால் பிரிக்கிறது. ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதால் குரல் பாதியாகக் குறைந்துவிடும். ரீப்பரில் அந்தத் துண்டின் பண்புகளைத் திறந்து சனல் மோட் என்பதில் மோனோ லெஃப்ற் என்று வைத்தால் போதும், ஒன்றையும் வெட்டத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். பாடும்போது ஹெட்போனில் ஒரு காதில் கேட்கிறது, பிறகு போட்டுப் பார்த்தால் இரண்டிலும் கேட்கிறது என்றால் ஒலிப்பதிவில் பிழை இல்லை. சில இன்டர்ஃபேஸில் டிரெக்ட் மொனிட்டர் என்ற சுவிட்ச் இருக்கும், பாடுகிறதைக் கணினிக்குப் போகாமல் நேரே காதுக்குக் கொடுப்பது அது. அதை ஸ்டீரியோவில் வைத்தால் 1ஆம் துளை இடது காதுக்கும் 2ஆம் துளை வலது காதுக்கும் போகும். மோனோவில் வைத்தால் சரியாகிவிடும்.

புளூடூத் ஹெட்போனோடு அதன் மைக்கையும் பாவித்தால் இசை திடீரென்று மங்கலாகி, நடுவில் ஒடுங்கி மோனோவாகக் கேட்பதும் இங்கே சேர்க்க வேண்டியது. மைக்கைத் திறந்ததும் அது தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுகிறது, அந்த முறை பெரும்பாலும் மோனோதான், தரமும் குறைவு. ஒலிப்பதிவுக்கு வயர் ஹெட்போனைத்தான் பாவிக்க வேண்டும்.

எதை மோனோவில், எதை ஸ்டீரியோவில்

ஒரு மைக், ஒரு ட்ராக், மோனோ. தனிக் குரல், ஒரு மைக்கால் எடுக்கிற புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம் எல்லாம் இதில் அடங்கும். வயர் செருகி எடுக்கிற பேஸ் கிற்றாரும் அப்படியே. அந்த வயரில் வருவது ஒரே சிக்னல்தான்.

ஆர்கனில், அதாவது கீபோட்டில், வேறு கதை. பியானோ, ஸ்ட்ரிங்ஸ் போன்ற ஒலிகளை அதன் உள்ளேயே இடமும் வலமும் வேறுபட அமைத்திருப்பார்கள். பின்னால் லெஃப்ற், ரைற் என்று இரண்டு துளை இருந்தால் இரண்டு கேபிளால் இன்டர்ஃபேஸின் 1க்கும் 2க்கும் கொடுத்து ஒரு ஸ்டீரியோ ட்ராக்காக எடுங்கள். கேபிள் ஒன்றுதான் இருக்கிறதென்றால் மோனோ என்றும் எழுதியிருக்கிற இடப்பக்கத் துளையில் செருகுங்கள், அது இரண்டையும் சேர்த்துத் தரும்.

மிருதங்கத்துக்கும் மத்தளத்துக்கும் இரண்டு பக்கம் இருக்கிறதே, இரண்டு மைக் வைத்தால்? வைக்கலாம். வலப்பக்கத்து வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத்துத் தொப்பிக்கு ஒன்று, இரண்டு மோனோ ட்ராக். ஆனால் எடுத்த பிறகு ஒன்றை முழுதாக இடத்திலும் மற்றதை முழுதாக வலத்திலும் தள்ளாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சபையில் இருந்து கேட்கிறவருக்கு மிருதங்கம் ஓர் இடத்தில்தான் இருக்கிறது. தொப்பியின் கனமான சத்தம் ஒரு காதிலும் வலந்தலையில் விழுகிற சாப்பு அடியின் கூர்மை மறு காதிலும் கேட்டால் ஹெட்போன் போட்டவருக்குக் களைப்பாகிவிடும். இரண்டையும் நடுவுக்குக் கிட்ட, கொஞ்சம் விலகலாக வைத்தாலே போதும்.

ஸ்டீரியோ உண்மையாகவே தேவைப்படுகிற இடம் கூத்து. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் ஒரு பக்கம், மத்தளமும் தாளமும் அவரோடு, பக்கப்பாட்டுக்காரர் இன்னொரு பக்கம், ஆடுகிறவர் நடந்து ஆடிப் பாடுகிறார். ஆள் நகர்கிற இந்த இடைவெளிதான் அதன் அழகில் ஒரு பங்கு. இதை ஒரு மைக்கால் எடுத்தால் எல்லாம் ஒரு புள்ளியில் ஒடுங்கிவிடும். ஒரே மாதிரியான இரண்டு மைக்கின் தலைகளைக் கிட்டத்தட்டத் தொடுகிற அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் 90 பாகை விரித்து, கூத்து ஆடுகிற களரிக்கு முன்னால் உயரத்தில் நிறுத்தி எடுத்தால் யார் எங்கே நின்று பாடினார் என்பது கேட்கிறவருக்கு விளங்கும். இரண்டு தலையும் ஒரே இடத்தில் இருப்பதால் சத்தம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சேரும். அதனால் கீழே சொல்லப்போகிற அழிபடுகிற பிரச்சினையும் மிகக் குறைவு. எங்கள் வயதான அண்ணாவிமார் பாடுகிற காலத்திலேயே இப்படி வடிவாக எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய ஆசை உண்டு, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதில் அதுவும் ஒன்று.

ட்ராக்கைப் பிரதி எடுத்தால் அகலமாகுமா

ஆகாது. குரல் மெலிதாக இருக்கிறது, அகலமாக்க வேண்டும் என்று ட்ராக்கைப் பிரதி எடுத்து ஒன்றை இடத்திலும் ஒன்றை வலத்திலும் வைக்கிறவர்கள் கனபேர். இரண்டும் ஒரே எண்கள். இடது வாய்க்காலிலும் வலது வாய்க்காலிலும் மறுபடி அதே தண்ணீர்தான். சத்தம் நடுவிலேயே நிற்கும், சில மென்பொருளில் மட்டம் மட்டும் கூடும். ஒரே சிக்னலின் இரண்டு பிரதியை நடுவில் வைத்துக் கூட்டினால் 6 டெசிபெல் கூடும். டெசிபெல் என்பது சத்தத்தின் மட்டத்தை அளக்கிற அலகு, 6 என்றால் அலையின் உயரம் இரு மடங்காகிறது. சத்தம் கூடினால் எதுவும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அதில் ஏமாந்துவிடக்கூடாது.

உண்மையான அகலம் வேண்டுமென்றால் அதே வரியை இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கள். எவ்வளவு கெட்டிக்காரப் பாடகரும் இரண்டு தடவை அச்சொட்டாக ஒரே மாதிரிப் பாடமாட்டார். அந்தச் சின்ன வித்தியாசந்தான் ஸ்டீரியோ. பக்திப்பாட்டில் குழுவாகப் பாடுகிற வரிகளுக்கும் கிற்றார் அடிகளுக்கும் இது மிகப் பொருத்தம்.

ஸ்டீரியோ ட்ராக்கில் பான் குமிழைத் திருப்பும்போது பல மென்பொருள்களில் நடப்பது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோனோ ட்ராக்கில் அது சிக்னலை நகர்த்தும். ஸ்டீரியோ ட்ராக்கில் அது ஒரு பக்கத்தைக் குறைக்க மட்டும் செய்யும். ஆர்கன் ட்ராக்கை முழுதாக இடத்துக்குத் திருப்பினால் வலப்பக்கத்தில் இருந்த சுரங்கள் நகர்ந்து வராது, காணாமலே போய்விடும்.

சுருக்கமாக: மோனோவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஸ்டீரியோவை அது வந்தபடி வைப்பது நல்லது. பிரதி எடுத்தால் சத்தம் கூடலாம், அகலம் கூடாது.

ஒன்றையொன்று அழிக்கிற சத்தங்கள்

சத்தம் ஓர் அலை. ஓர் அலை மேலே போகிற அதே கணத்தில் இன்னோர் அலை அதே அளவு கீழே போனால் இரண்டையும் கூட்டும்போது பூச்சியம். இதற்கு ஃபேஸ் பிரச்சினை என்று பெயர்.

ஒரே பாடகருக்கு இரண்டு மைக் வைத்து, ஒன்று மற்றதைவிட 34 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால் அதற்குச் சத்தம் ஆயிரத்தில் ஒரு விநாடி பிந்திச் சேரும். இரண்டையும் ஒரே மட்டத்தில் கூட்டினால் 500 ஹேர்ட்ஸ், 1500 ஹேர்ட்ஸ், 2500 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வு) என்று குரலின் முக்கியமான பகுதிகள் அழிபடும். குரல் உயிர் போனதுபோலக் கேட்கும். ஒரே பாட்டுக்காரருக்கு ஒரே மைக் போதும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். இரண்டு பேர் பக்கத்தில் இருந்து பாடினால், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள்.

பாட்டை அகலமாக்குகிற பிளகின்கள், அதாவது மென்பொருளுக்குள் சேர்க்கிற சின்னக் கருவிகள், இருக்கின்றன. அவற்றில் சில ஒரு பக்கத்தைச் சற்றுப் பிந்த வைத்தோ தலைகீழாக்கியோதான் அந்த அகலத்தை உண்டாக்குகின்றன. ஹெட்போனில் கேட்டால் பிரமாதமாக இருக்கும். அதே பாட்டு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒலிபெருக்கியில் போடப்படும்போது என்ன நடக்கும்? கோவில் ஒலிபெருக்கிக் குழாய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கூட்டப்பட்டு மோனோவாகத்தான் போகிறது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனிலும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரிலும் அதேதான். எஃப்எம் வானொலியும் கூட்டிய சிக்னலை முதன்மையாகவும் வித்தியாசத்தைத் தனியாகவும் அனுப்புகிறது, அலை பலவீனமான இடத்தில் வானொலிப் பெட்டி வித்தியாசத்தை விட்டுவிட்டு மோனோவுக்குப் போய்விடும். ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் வாகனம் ஓட்டுகிறவர் உங்கள் பாட்டை அப்படித்தான் கேட்கக்கூடும். பிளகினில் தலைகீழாக்கிய பக்கம் அங்கே மற்றப் பக்கத்தை அழிக்கும், நீங்கள் பாடுபட்டு எடுத்த பக்கக்குரல்கள் மாயமாகும்.

அதனால் மிக்ஸ் செய்யும்போது அடிக்கடி மோனோவில் கேட்டுப் பாருங்கள். பல மென்பொருளில் எல்லா ட்ராக்கும் ஒன்றுசேர்கிற மாஸ்டர் ட்ராக்கில் அதற்கொரு பொத்தான் இருக்கும். இல்லையென்றால் விண்டோஸ் 10, 11இலும் அன்ட்ரொயிட் போனிலும் அணுகல் வசதிகளுக்குள் மோனோ ஓடியோ என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டதும் ஒரு வாத்தியம் சட்டென்று குறைந்தால் அந்த ட்ராக்கில்தான் பிரச்சினை. வேலை முடிந்ததும் சுவிட்சை மறக்காமல் நிறுத்துங்கள்.

இதே அழிபடுகிற விதியைக் கொண்டு ஒரு கோப்பு உண்மையான ஸ்டீரியோவா என்றும் சோதிக்கலாம். ஓடசிற்றியில் அதை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் அலையைத் தலைகீழாக்குகிற இன்வேர்ட் எஃபெக்டைக் கொடுத்து, இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்கள். முழு மௌனம் என்றால் அது ஸ்டீரியோ உடுப்புப் போட்ட மோனோ. ஏதாவது மிஞ்சிக் கேட்டால் அந்த மிச்சந்தான் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு.

போனிலிருந்து கரோக்கே இசையை இன்டர்ஃபேஸுக்குக் கொடுக்கும்போதும் இது வந்து மறிக்கும். இரண்டு முனையிலும் ஸ்டீரியோ பிளக் உள்ள ஒற்றைக் கேபிளை 1ஆம் துளையில் செருகுகிறார்கள். அந்தத் துளை பலன்ஸ்ட் வகை, அதாவது பிளக்கின் நுனிக்கும் நடு வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற வகை. ஸ்டீரியோப் பாட்டில் நுனி இடது, வளையம் வலது. இடதிலிருந்து வலதைக் கழித்தால் நடுவில் இருக்கிற குரலும் பேஸும் டிரம்மும் போய்விடும், மிச்சம் ஒல்லியான ஏதோ ஒன்று கேட்கும். போனிலும் பழுதில்லை, இன்டர்ஃபேஸிலும் பழுதில்லை. ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோ பிளக்காகப் பிரிகிற கேபிளை வாங்கி, 1இலும் 2இலும் செருகி, ஸ்டீரியோ ட்ராக்கில் எடுங்கள்.

வெளியே அனுப்பும்போது

முழுப் பாட்டையும் எப்போதும் ஸ்டீரியோவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அதாவது கடைசிக் கோப்பாக வெளியே எடுங்கள். உள்ளே எல்லா ட்ராக்கும் மோனோவாக இருந்தாலும், பானும் ரிவேர்ப்பும் உண்டாக்கிய இட வல வேறுபாடு அந்தக் கடைசிக் கோப்பில்தான் இருக்கிறது. இங்கே தவறுதலாக மோனோ என்று கொடுத்தால் எல்லாம் நடுவுக்கு வந்துவிடும். தனி ஒருவர் பேசுகிற உரை, சொற்பொழிவு என்றால் மோனோவே போதும். சில மென்பொருளில் மோனோ ட்ராக்கின் மேல் நேரே போட்ட ரிவேர்ப்பும் மோனோவாகவே வரும். அப்படியானால் ரிவேர்ப்பைத் தனி ஸ்டீரியோ ட்ராக்கில் வைத்து, குரலின் ஒரு பிரதியை அதற்குச் சென்ட் என்ற வழியாக அனுப்புங்கள்.

பாட்டை மிக்ஸ் செய்ய யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ கனடாவில் இருக்கிற நண்பருக்கோ ட்ராக் ட்ராக்காக அனுப்புவதென்றால் மோனோவாக எடுத்ததை மோனோவாகவே அனுப்புங்கள், ஆர்கன் போன்றவற்றை மட்டும் ஸ்டீரியோவாக. மென்பொருள் எல்லாவற்றையும் ஸ்டீரியோவாக வெளியே தள்ளுகிறதா என்று எக்ஸ்போர்ட் பெட்டியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், மோனோவாக அனுப்பினால் மொபைல் டேட்டாவில் அனுப்புகிறவருக்குப் பாதிச் செலவுதான். எல்லாக் கோப்பும் பாட்டின் பூச்சிய விநாடியிலிருந்து தொடங்க வேண்டும், குரல் இரண்டாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும். கோப்பின் பெயரிலேயே குரல் மோனோ, ஆர்கன் ஸ்டீரியோ, தொப்பி மோனோ என்று எழுதிவிட்டால் அந்தப் பக்கம் திறக்கிறவர் உங்களுக்குத் திரும்ப அழைப்பெடுத்துக் கேட்கத் தேவையில்லை.